சொந்தக் கதையை வெட்டச் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு யாங்கூன்லருந்து வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயிறு இணைப்புல வந்த நூல் விமர்சனம் பத்தி எழுதணும்னு அன்னிக்கே நினைச்சேன், இங்க கரண்ட் வர்றதும் போறதும் அது இஷ்டம், நெட்டும் அப்படித்தான், அதான் லேட்டு. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன தமிழங்களோட வரலாறு பத்தின புத்தகம் அது. எழுதினவர் நடு நடுவுல தன்னோட தாத்தா கதை, அத்தை கதையெல்லாம் சொல்லிட்டே போறாராம், அதையெல்லாம் வெட்டிட்டா புத்தகம் பாதியா குறையும், தகவல் தேடி வர்றவங்களுக்கு பயனும் ஜாஸ்தியா இருக்கும்னு விமர்சகர் சொல்லியிருந்தார். அந்தப் புத்தகத்தை நான் படிக்கல, இங்க கிடைக்கவும் கிடைக்காது, அதனால அது நல்ல புத்தகமா இல்லையான்னு சொல்ல வரல. ஆனா அவர் சொன்ன அந்த ஒரு விஷயத்தை ஒத்துக்க முடியல, ஏன்னா நான் பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்குறவ.

பெரிய டீச்சர்லாம் இல்லீங்க. தையல் கடை வச்சிருக்கேன். லீவு விட்டா எங்க கோயில்ல நடக்குற தமிழ் வகுப்புல பாடம் எடுப்பேன். 1960கள்ல இங்க தனியார் பள்ளிக்கூடங்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் தமிழ்ப் பள்ளிக்கூடம்னு ஒண்ணு நிக்கல, அப்பலருந்து எழுத்து உயிரோட இருக்கிறது பெரும்பாலும் கோயில் வகுப்புலதான். பிள்ளைங்க பர்மிய பள்ளிக்கூடத்துல பர்மிய மொழியில படிச்சுட்டு வருதுங்க, வீட்ல தமிழ் பேசும், பாதி பர்மிய வார்த்தை கலந்து வரும், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னா முழிக்கும். இதுங்களுக்கு ஒரு பாடம் மனசுல நிக்கணும்னா என்ன செய்யணும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்னு நினைக்கிறேன், விமர்சகர் கோவிச்சுக்கக் கூடாது.

எங்க ஊர் வரலாறையே எடுத்துக்குவோம். 1931 சென்சஸ்ல ரங்கூன் (யாங்கூனோட பழைய பேரு) ஜனத்தொகை 4 லட்சம், அதுல பாதிக்கு மேல இந்தியருங்க, பர்மா முழுக்க சேர்த்தா 10 லட்சத்துக்கு மேல. இதை போர்டுல எழுதிப் போட்டா பிள்ளைங்க அழகா நோட்டுல எழுதிக்கும், மறுநாள் கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. 1941 டிசம்பர் 23 ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான், 1942 மார்ச் 8 ஊரைப் பிடிச்சான், 4 லட்சத்துக்கு மேல இந்தியருங்க இந்தியாவை நோக்கிக் கிளம்புனாங்க, பெரும்பாலும் நடந்தே, வழியில செத்தவங்க 10,000லருந்து 50,000 வரைக்கும் இருக்கும்னு ஒவ்வொருத்தர் ஒரு கணக்கு சொல்றாங்க, அதுக்கும் மேலன்னு சொல்றவங்களும் உண்டு. இவ்ளோ பெரிய சாவு, பிள்ளைங்க முகத்துல ஒரு சலனமும் கிடையாது. அதுங்களைக் குத்தம் சொல்லல, 50,000 பேரை எப்படிங்க ஒரு பத்து வயசுப் புள்ளை மனசுல நினைச்சுப் பாக்கும், எனக்கே முடியல.

அதே பிள்ளைங்ககிட்ட எங்க அப்பாயி (அப்பாவைப் பெத்தவங்க) கதையைச் சொன்னா வேற மாதிரி. அவங்க குடும்பம் அந்த ஓட்டத்துல ரங்கூனுக்கு வடக்க இருக்குற ப்ரோம் ஊர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்த குடும்பம். கையில தூக்குன ஆட்டுக்கல்லை எந்த இடத்துல இறக்கி வச்சாங்க, யாருக்கு பேதி கண்டது, சாமானைத் தூக்கிட்டு வந்த ஆள் எங்க காணாமப் போனான், ஏன் மேல போகாம திரும்புனாங்கன்னு அப்பாயி சொன்னதை அப்படியே சொல்லுவேன். கேள்வி மேல கேள்வி வரும் பாருங்க. ஆட்டுக்கல்லை ஏன் தூக்குனாங்க? ரயில்ல போயிருக்கலாமே? கப்பல் இல்லையா? ரோட்ல எங்க தூங்குனாங்க? பேதி ஏன் வந்துச்சு?

இந்தக் கேள்விங்க வந்ததுக்கு அப்புறம்தான் நான் மேப்பை விரிப்பேன். பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவுல அன்னிக்கும் ரயில் கிடையாது இன்னிக்கும் கிடையாதுன்னு அப்பத்தான் அதுங்களுக்குப் புரியுது. கப்பல்ல இடம் பிடிக்க அடிதடி, காசு இருக்குறவன் போனான், மத்தவனுக்கு ரோடு. ப்ரோம்லருந்து ஆத்தைத் தாண்டி அரக்கான் மலையில டவுங்கப் கணவாய் வழியா கடற்கரைக்குப் போறது ஒரு வழி. மாண்டலே போய் சிண்ட்வின் ஆத்துப் பக்கமா கலேவா, டாமு, அப்புறம் மணிப்பூர், இது இன்னொண்ணு. வடக்க மிச்சினாவுக்கும் மேல ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியா அஸ்ஸாம்ல இருக்குற லெடோவுக்குப் போற வழிதான் ரொம்ப மோசம், மே மாசம் மழை பிடிச்சதும் சேத்துலயே செத்தவங்க ஏராளம். வெள்ளைக்காரனுக்கு நல்ல வழி நம்மாளுக்குக் கெட்ட வழின்னு பாகுபாடு காட்டுனாங்கன்னு அப்பவே இந்தியாவுல பெரிய சத்தம் கிளம்புச்சு. ப்ரோம்ல காலரா பரவுனது ஏன்னு கேட்டா, ஆயிரக்கணக்கான ஜனம் ஒரே இடத்துல, குடிக்கவும் கழுவவும் அதே தண்ணி. பாருங்க, ஒரு ஆட்டுக்கல்லுல ஆரம்பிச்சு பூகோளம், சுகாதாரம், அரசியல் மூணும் வந்துருச்சு. கதையை வெட்டிட்டு வெறும் தகவலைக் குடுங்கன்னு சொல்ற விமர்சகர் இதை ஒரு தடவை யோசிச்சுப் பாக்கணும், அந்தத் தகவலை எடுத்து வைக்க ஒரு இடத்தைக் கதைதான் பிள்ளைங்க மனசுல உண்டாக்குது.

சொந்தக் கதைக்கு இன்னொரு பலம் உண்டு, எனக்கு அதுதான் பெருசாப் படுது. வரலாறு எழுதுறவருக்கு முடிவு தெரியும். ரங்கூன் விழப்போகுதுன்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சுதான் எழுதுறாரு. அனுபவிச்சவனுக்குத் தெரியாது. டிசம்பர் 23ந்தேதி விமானம் வந்தப்ப தெருவுல நின்னு அண்ணாந்து வேடிக்கை பாத்தவங்கதான் நிறைய பேர் செத்தாங்க, ஏன்னா அதுக்கு முந்தி அவங்க குண்டு விழுந்து பாத்ததில்ல. இன்னிக்கு வீட்ல சொகுசா உக்காந்து படிக்கிறப்ப "ஏன் இவங்க ஓடல, என்ன முட்டாள்தனம்"னு தோணும், அந்த ஆள் தன் வாயால தான் அன்னிக்கு என்ன நினைச்சேன்னு சொன்னா அப்படித் தோணாது. வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு மாசத்துல வந்துருவோம்னு சாவியை இடுப்புல சொருகிட்டுப் போனவங்க எத்தனை பேரு. தெரியாத நிலைமையில ஒரு மனுஷன் எப்படி முடிவெடுக்குறான்கிறதைப் படிக்கணும்னா இப்படி அனுபவிச்சவன் எழுதினதைத்தான் படிக்கணும். எங்களுக்கு இங்க இது பழங்கதையும் இல்லீங்க, போறதா இருக்குறதான்னு இன்னிக்கும் எங்க வீடுகள்ல பேச்சு ஓடிட்டுத்தான் இருக்கு.

இதை எழுதி வச்சவங்க நம்மள்லயே இருக்காங்க. ரங்கூன்ல இருந்து ஜோதி பத்திரிகையை நடத்துன வெ. சாமிநாத சர்மா, பிளேட்டோவைத் தமிழ்ல குடுத்த அறிஞர், அவரும் 1942ல அந்தக் கூட்டத்தோட கூட்டமா இந்தியாவுக்குப் போனவருதான், அந்தப் பயணத்தை எனது பர்மா வழி நடைப் பயணம்னு எழுதி வச்சிருக்காரு. அவரோட நூல்களை தமிழ்நாடு அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கியாச்சு. உலக அரசியலை அத்தனை புத்தகமா எழுதுனவர் அதையும் எழுதணும்னு நினைச்சிருக்காருல்ல, சொந்தக் கதை வேண்டாத சங்கதின்னு அவர் ஒதுக்கல.

உ.வே.சா. சங்கதியும் அப்படித்தான். சீவக சிந்தாமணி 1887ல அச்சாச்சுன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடலாம், பரீட்சைக்கு அது போதும். என் சரித்திரத்துல அவர் சொல்றது வேற. 1880ல கும்பகோணத்துக்கு முன்சீப்பா வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பாக்கப் போறாரு, என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேக்க இவரு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்குறாரு, முதலியாருக்கு ஒண்ணும் பெருசாத் தெரியல, சிந்தாமணி படிச்சதுண்டான்னு ஒரே கேள்வி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்ட மனுஷன், காலேஜ் தமிழ்ப் பண்டிதரு, அவருக்கே அப்படி ஒரு காப்பியத்தோட பரிச்சயம் இல்ல. அப்புறம் ஏட்டை வாங்கிட்டு வந்து புரியாம, அது ஜைனக் காப்பியங்கிறதால அந்த ஊர்லயே இருந்த ஜைனருங்க வீட்டுக்குப் போய் அவங்க சமயத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறாரு. தமிழ்ல எவ்ளோ பெரிய ஓட்டை இருந்துச்சு, அதை அடைக்க என்ன பாடுன்னு நமக்கு உறைக்கிறது அந்தக் காட்சியிலதான். அவர் அதை விட்டுட்டு வெறும் பதிப்பு வரலாறு எழுதியிருந்தா நம்ம வகுப்புப் பிள்ளைங்க "ஓ அப்படியா"ன்னு போயிருக்கும்.

சொந்தக் கதைன்னா நம்ம பெருமையைத்தான் பேசணும்னும் இல்லீங்க. காந்தி தன் சுயசரிதையில ரங்கூன் வந்ததைக் கொஞ்சமாத்தான் சொல்றாரு, 1902ல கோகலேகூட கல்கத்தாவுல இருந்தப்ப வந்துட்டுப் போனது. பர்மாப் பொம்பளைங்களோட சுறுசுறுப்பைப் பாத்து சந்தோஷப்பட்டாராம், ஆம்பளைங்க சோம்பல் பாத்து வருத்தமாம் (இதைப் படிச்சா எங்க தெரு பர்மாக்கார அக்காங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க). அதோட நிறுத்தல, இந்தியாவுல நாம வெள்ளைக்கார வியாபாரிக்குத் தரகரா ஆனோம், இங்க அதே வெள்ளைக்காரனோட சேந்து பர்மாக்காரனை நமக்குத் தரகனா ஆக்கிட்டோம்னும் எழுதியிருக்காரு. கொஞ்ச நாள் தங்குன ஒரு ஆளு கண்ணால கண்டது. இதைப் படிச்சிட்டு அடுத்த 35 வருஷக் கணக்கைப் பாருங்க. 1930ல கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் ஜில்லாவுல நிலத்துல 6 சதம் வட்டிக்குக் கடன் குடுத்த செட்டியாருங்க கையில, 1937ல 25 சதம். நெல் விலை பாதிக்குப் பாதி விழுந்துச்சு, கடன் வாங்குனவனால கட்ட முடியல, நிலம் கைமாறுச்சு.

எங்க பிள்ளைங்க இதை ரெண்டு மாதிரி கேட்டு வளருது. வெளியில "செட்டி நிலத்தைப் பிடுங்குனான்", வீட்ல "நாம உழைச்சு முன்னுக்கு வந்தோம், பர்மாக்காரன் பிடுங்கிக்கிட்டான்". ரெண்டுலயும் ஒரு மனுஷ முகம் கிடையாது. மூணு வருஷக் கணக்குக்கு செட்டிநாட்டுலருந்து வந்து இறங்குன பெட்டியடிப் பையன், அடுத்தாளாகி மேலாளாகி, பொண்டாட்டி புள்ளைய ஊர்ல விட்டுட்டு, பணத்தைத் திருப்பிக் குடுன்னா நிலத்தைக் குடுக்குறானே இதை வச்சு நான் என்ன பண்றதுன்னு முதலாளிக்குக் கடுதாசி எழுதுனவன் ஒருத்தன் இருந்திருப்பான்ல? அப்பன் பாட்டன் வெட்டித் திருத்துன வயல்ல குத்தகைக்காரனா நின்ன பர்மாக்கார விவசாயி ஒருத்தன் இருந்திருப்பான்ல? செட்டியாருங்களோட வட்டிக்கடை 1650 இருந்துச்சுன்னு அந்தக் காலத்து பேங்கிங் கமிட்டி ரிப்போர்ட் சொல்லுது. கடைக்கு ஒரு பேரேடு, பேரேட்டுல ஆயிரம் பேரு. ரெண்டு பேர் கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கக் குடுத்தா எங்க பிள்ளைங்க பர்மியப் பிள்ளைங்ககிட்ட சண்டை போடாம பேசக் கத்துக்கும்னு எனக்கு ஒரு நம்பிக்கை. செட்டியாருங்க பக்கமாவது கடுதாசி, கணக்குன்னு எழுத்து இருக்கு, விவசாயி பக்கம் எனக்குக் கிடைச்சது ஒண்ணும் இல்ல.

இங்கதான் விமர்சகர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. சொந்தக் கதை தப்பாவும் சொல்லிக் குடுக்கும். வயக்காட்டுப் பக்கம் அறுப்பு நேரத்துல கண்ணாடி விரியன் கடி இங்க சகஜம், பர்மாவுல பாம்புக்கடியில சாவுறவங்கள்ல பெரும்பாலும் அதோட கடிதான், சிறுநீரகத்தைப் பாழாக்கிரும். எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பா, கடிச்ச இடத்தைக் கீறி ரத்தத்தை விட்டு, கயித்தால இறுக்கிக் கட்டி, மந்திரம் போட்டுப் பிழைச்சேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு, சொல்றப்ப அந்தத் தழும்பை வேற காட்டுவாரு. தழும்பைப் பாத்ததுக்கு அப்புறம் யாருங்க எதிர்த்துப் பேசுவா? ஆனா பாம்பு கடிச்சாலும் சில சமயம் விஷம் இறங்காது, டாக்டருங்க எல்லாரும் சொல்றது இது. அவருக்கு அப்படித்தான் ஆகியிருக்கணும். அதே மாதிரி கீறிக் கட்டிட்டு ஆஸ்பத்திரி போகாம செத்தவன் வந்து கதை சொல்ல முடியாதுல்ல? கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வச்சுக்கிட்டு விஷமுறிவு ஊசி இருக்குற ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிட்டு ஓடணும். இந்த விஷயத்துல எனக்கு ஒரு பெரியப்பாவை விட நூறு பேரைப் பாத்து எழுதுன டாக்டர்தான் வேணும்.

1942க்கும் இது பொருந்தும்ங்க, இதை யோசிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. நமக்குக் கிடைக்கிற நடைப்பயணக் கதை எல்லாமே போய்ச் சேந்தவங்க சொன்னது, இல்லன்னா எங்க அப்பாயி மாதிரி திரும்பி வந்தவங்க சொன்னது. அதுலயும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. கப்பல்ல மூட்டை தூக்குனவன், ரிக்‌ஷா இழுத்தவன், ரைஸ் மில்லுல நெல்லு அள்ளுனவன், கழுவிப் பெருக்குனவன், இவங்கதான் எண்ணிக்கையில அதிகம், இவங்க எழுதுனது எங்க? அந்த 10,000லருந்து 50,000ங்கிற கணக்கு இருக்கே, அது சொல்லப்படாத கதைங்களோட கணக்கு. அதனாலதான் கதை மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன், கதையையும் கணக்கையும் ஒரே பக்கத்துல போடுங்கன்னுதான் சொல்றேன், கதையைப் படிக்கிறப்ப யார் இங்க பேசலைன்னு கேக்கவும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். நான் வகுப்புல இப்ப அப்படித்தான் கேக்குறேன். ஒரு பொண்ணு சட்டுன்னு சொல்லுச்சு, "சாமான் தூக்குன ஆளு பேசல டீச்சர், அவரு எங்க போனாருன்னு அவருக்குத்தான தெரியும்"னு.

அப்புறம் இந்த "நான் எப்படி ஜெயிச்சேன்" புத்தகங்க. அதுவும் சொந்தக் கதைதான, அதையும் படிக்கச் சொல்வீங்களான்னு கேக்கலாம். மாட்டேன். எல்லாப் பக்கத்துலயும் அவரே ஹீரோ, எவ்ளோ பணம் போட்டாரு, யார் உதவுனாங்க, மாமனார் குடுத்தது எவ்ளோ, ஒண்ணும் இருக்காது. விலை, தேதி, இடம், யாருகிட்ட கடன், எங்க சறுக்குனேன்கிறது இல்லாத கதையில கத்துக்க என்ன இருக்கு? ஒரு சமையல் புத்தகத்துல கூட "முதல் தடவை செஞ்சப்ப அடி பிடிச்சுச்சு, ஏன்னா தீ ஜாஸ்தி"ன்னு ஒரு வரி இருந்தா அதை நம்பி அடுப்பைப் பத்த வைப்பேன்.

இப்ப உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். 1964 மே மாசம் இங்க 50, 100 கியாட் நோட்டு ஒரே நாள்ல செல்லாமப் போச்சு, கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அதுக்கப்புறம் கப்பல் கப்பலா மூணு லட்சம் பேர் அளவுக்கு இந்தியருங்க திரும்புனாங்க. சென்னையில பர்மா பஜார், வியாசர்பாடி, இன்னும் எத்தனையோ ஊர்ல பர்மா காலனி, அங்க பிடிக்காம தரை வழியா திரும்பி வரப் பாத்து மணிப்பூர் எல்லையில மோரேயிலயே தங்கிட்டவங்க, இவங்க எல்லாம் உங்க பேப்பர் போய்ச் சேர்ற இடத்துல இருக்காங்க, எங்களுக்கு எட்டாத இடத்துல. அன்னிக்கு பத்து வயசா இருந்தவங்களுக்கு இப்ப எழுபது தாண்டிருச்சு. அவங்க கதையை வாங்கிப் போடுங்களேன். அழகா எழுதச் சொல்லாதீங்க, உங்க ஆளுங்க உக்காந்து திருத்தி மெருகு போடவும் வேணாம். எந்தத் தெரு, என்ன கடை, கப்பல் பேர் என்ன, டிக்கெட் எப்படிக் கிடைச்சுது, கஸ்டம்ஸ்ல எதை எடுத்துக்கிட்டாங்க, மெட்ராஸ்ல இறங்கி முதல் ராத்திரி எங்க படுத்தாங்க, அதைக் கேளுங்க. படிப்பு இல்லாதவங்ககிட்ட ஒருத்தரை அனுப்பிப் பேச வச்சு எழுதி வாங்குங்க, முக்கியமா பொம்பளைங்ககிட்ட, நகையை எங்க ஒளிச்சு வச்சாங்கன்னு ஆம்பளைங்களுக்குத் தெரியாது. அதுக்குப் பக்கத்துலயே ஒரு சின்னப் பெட்டி கட்டி அந்த வருஷத்துச் சட்டம், கணக்கு, மேப்பு போட்டுருங்க. நான் அதை அப்படியே பிரிண்ட் எடுத்து வகுப்புல பாடமா வச்சுக்குவேன். ஊர்லருந்து வர்ற தமிழ்ப் பாடப் புத்தகத்துல பொங்கலும் மெரினாவும் இருக்கு, நல்லதுதான், ஆனா எங்க பிள்ளைங்களோட பாட்டன் நடந்த ரோடு ஒரு புத்தகத்துலயும் இல்லை.

கடிதம் ரொம்ப நீளமா போயிருச்சுன்னு தெரியும். சுருக்கித்தான் போடணும்னா என் அப்பாயி கதையைக் கூட எடுத்துக்கங்க, அந்தப் பாம்புக்கடி பாராவை மட்டும் வெட்டாதீங்க, உங்க பேப்பரைப் படிக்கிறவங்கள்ல வயல்ல இறங்குறவங்களும் இருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாங்கூன்